நிர்ப்பந்தத்தில் சொன்ன வார்த்தை: மூஸா இப்னு மைமூனின் வாழ்வு சொல்லும் பாடம்

காஸாவில் நடப்பதைப் பார்த்துக் கொதிக்காத உள்ளம் எம்மில் எவருக்கும் இல்லை. அந்தக் கொதிப்பில் யூதர், இஸ்ரேல், ஸியோனிசம் ஆகிய மூன்று சொற்களும் எமது பேச்சில் ஒன்றாகிவிட்டன. முஸ்லிம்களும் யூதர்களும் படைக்கப்பட்ட நாள் முதல் பகைவர்கள் என்றும் கியாம நாள் வரை அப்படியேதான் இருப்பார்கள் என்றும் வகுப்பறையில் பிள்ளைகள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பல வேளைகளில் அதை மறுப்பதில்லை. மறுத்தால் பலஸ்தீன மக்களுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற தயக்கம்.

ஆனால் வரலாறு அப்படி ஒற்றை வரியில் அடங்குவதல்ல. ஸலாஹுத்தீன் ஐயூபி என்ற பெயரைக் கேட்டாலே எமக்கு மெய்சிலிர்க்கும். பைத்துல் முகத்தஸை மீட்ட அந்த மாவீரரின் அரசவை வைத்தியர்களில் ஒருவர் யூதர். அந்த நூற்றாண்டின் யூத மார்க்க அறிஞர்களுள் அவருக்கு நிகரானவர் எவருமில்லை. யூதர்கள் அவரை ரம்பாம் என்பர். ஐரோப்பியர் மைமோனிடிஸ் என்பர். அரபு நூல்களில் அவர் அபூ இம்ரான் மூஸா இப்னு மைமூன் அல்-குர்துபி. முஸ்லிம் ஆட்சியின் மிக மோசமான முகத்தையும் மிக உயர்ந்த முகத்தையும் ஒரே ஆயுளில் கண்ட மனிதர் அவர். அதனால்தான் அவரது வாழ்வை இன்று நாம் அறிந்திருப்பது அவசியமாகிறது.

குர்துபாவின் பிள்ளை

மூஸா 1138ஆம் ஆண்டளவில் அந்தலூஸின் குர்துபா நகரில் பிறந்தார். தந்தை மைமூன் யூத நீதிமன்றத்தின் நீதிபதி. தலைமுறை தலைமுறையாக மார்க்கக் கல்வியும் நீதித்துறையும் அக்குடும்பத்தின் சொத்தாக இருந்தன.

அக்கால அந்தலூஸ் யூதர்களின் வீட்டுமொழி அரபு. வழிபாட்டுக்கு ஹீப்ரு, வியாபாரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அரபு என்பதே வழக்கம். அரபு மொழியை ஹீப்ரு எழுத்துக்களில் எழுதும் முறையும் அவர்களிடம் இருந்தது. எமது மூதாதையர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்ற ஒன்றை உருவாக்கினார்கள் அல்லவா? அதற்கு ஒப்பானது அது. தன் மார்க்கத்தை விடாமல் தான் வாழும் மண்ணின் மொழியைத் தனதாக்கிக்கொண்ட சமூகங்களுக்கு இப்படியொரு தேவை எழுவது இயல்பு.

முஸ்லிம் ஆட்சியில் யூதர்கள் திம்மிகள். ஜிஸ்யா செலுத்தினார்கள். உடை, வழிபாட்டுத்தலம் போன்றவற்றில் சில கட்டுப்பாடுகளும் இருந்தன. இன்றைய சமவுரிமை என்ற அளவுகோலால் பார்த்தால் அது சமத்துவம் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களது உயிருக்கும் உடைமைக்கும் மார்க்கத்துக்கும் ஷரீஆவே பொறுப்பு நின்றது. அன்றைய கிறிஸ்தவ ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அவர்களுக்கு அத்தகைய உறுதியான சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை.

பாதுகாப்பு பறிபோன ஆண்டு

1148இல் அந்தப் பாதுகாப்பு உடைந்தது. மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட முவஹ்ஹிதூன் படைகள் குர்துபாவைக் கைப்பற்றின. மூஸாவுக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயது. முவஹ்ஹிதூன்கள் திம்மி என்ற அந்தஸ்தையே ஒழித்தார்கள். யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முன்னால் மூன்றே வழிகள்: இஸ்லாத்தை ஏற்பது, நாட்டை விட்டுப் போவது, அல்லது சாவது.

இது இஸ்லாமிய சட்ட மரபின் தொடர்ச்சி அல்ல, அதிலிருந்து விலகல். அவர்களது கடும்போக்கு முஸ்லிம்களையும் விட்டுவைக்கவில்லை. தமக்கு முன் ஆண்ட முராபிதூன்களைக் காபிர்கள் எனக் கூறி அவர்களது இரத்தத்தை ஹலாலாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அதே குர்துபாவில் பிறந்த மாபெரும் சட்ட அறிஞரும் தத்துவ மேதையுமான இப்னு ருஷ்த், 1195இல் அவர்களால் லூஸேனா என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அவரது தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. ஒரே நகரம் ஈன்ற இரண்டு மேதைகள், ஒருவர் முஸ்லிம், மற்றவர் யூதர், ஒரே ஆட்சியின் கையால் துன்பப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மைமூனின் குடும்பம் பல ஆண்டுகள் அந்தலூஸுக்குள் ஊர் ஊராக அலைந்தது. 1160ஆம் ஆண்டளவில் கடல் கடந்து மொரோக்கோவின் பாஸ் நகருக்குச் சென்றது. அதுவும் முவஹ்ஹிதூன்களின் ஆட்சிக்குட்பட்ட நகரம்தான்.

பாஸ் நகரில் எழுதிய பத்வா

அங்கு யூதர்கள் பலர் உயிருக்குப் பயந்து வாயால் ஷஹாதா மொழிந்துவிட்டு, வீட்டுக்குள் இரகசியமாகத் தம் மார்க்கத்தைப் பின்பற்றி வந்தார்கள். அப்படிச் செய்தவர்கள் யூத மார்க்கத்தை விட்டே வெளியேறியவர்கள், அவர்களது இரகசிய வணக்கத்தால் எந்தப் பயனும் இல்லை என்று ஒரு யூத அறிஞர் தீர்ப்பளித்தார். உயிரைக் காக்கப் பொய் சொன்ன ஏழைக் குடும்பங்கள் இதனால் நிலைகுலைந்து போயின.

இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த இளைஞர் மூஸா அதற்கு மறுப்பு எழுதினார். நிர்ப்பந்தத்தின் கீழ் நாவால் மொழிந்ததை வைத்து ஒரு மனிதனை மார்க்கத்தை விட்டு வெளியேற்ற முடியாது. அவன் செய்த சிறு நற்கருமமும் வீணாகாது. ஆனால் வாய்ப்புக் கிடைத்ததும் அந்த ஊரை விட்டு ஹிஜ்ரத் செய்துவிட வேண்டும் என்பதே அவரது முடிவு.

இதைப் படிக்கும் எமக்கு அம்மார் இப்னு யாஸிர் (ரழி) அவர்கள் நினைவுக்கு வராமல் போகமாட்டார்கள். மக்கத்துக் குறைஷியர் சித்திரவதை செய்து அவர்கள் வாயிலிருந்து குப்ரான வார்த்தையைப் பறித்தெடுத்தார்கள். அவர்கள் அழுதுகொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, உள்ளம் ஈமானில் நிலைத்திருந்தால் நாவின் நிர்ப்பந்தம் குற்றமாகாது என்ற ஆறுதலே கிடைத்தது. ஸூரத்துன் நஹ்லின் 106ஆம் வசனத்தின் பின்னணியாகத் தப்ஸீர்கள் இச்சம்பவத்தைக் கூறுகின்றன. பாஸ் நகரின் யூத இளைஞர் தனது வேத மரபிலிருந்து வந்தடைந்த இடம், எமது மரபு ஏற்கனவே நின்ற இடத்துக்கு மிக அருகில் இருந்தது.

கடலும் சகோதரனும்

தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றுவது போல் 1165இல் மூஸா குடும்பத்தோடு கப்பலேறினார். நடுக்கடலில் பெரும் புயலில் சிக்கிப் பிழைத்து, பலஸ்தீனக் கரையின் அக்கா துறைமுகத்தில் இறங்கினார்கள். அப்போது பலஸ்தீன் சிலுவைப் போர்வீரர்களின் கையில் இருந்தது. 1099இல் அவர்கள் ஜெரூசலத்தைக் கைப்பற்றியபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் சேர்த்தே வெட்டிச் சாய்த்தார்கள். மூஸா ஜெரூசலத்தைத் தரிசித்தார், அங்கே தங்கவில்லை. எகிப்துக்குப் போய் இஸ்கந்தரிய்யா வழியாகப் புஸ்தாத்தில் குடியேறினார். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி அது.

முஸ்லிம் ஆட்சியாளரின் கொடுமைக்குத் தப்பிய ஒரு யூதர் தேடிச் சென்ற புகலிடமும் முஸ்லிம் நாடுதான் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பா அவருக்கு ஒரு தெரிவாக இருக்கவில்லை.

புஸ்தாத்தில் அவரை இளைய சகோதரர் தாவூத் காப்பாற்றினார். தாவூத் இரத்தினக் கற்கள் வியாபாரி. தம்பி உழைக்க, அண்ணன் கல்வியில் மூழ்கினார். யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கான விரிவுரையை அவர் 1168இல் முடித்தது அப்படித்தான். அதே ஆண்டில் சிலுவைப் படை எகிப்தின் பில்பைஸ் நகரைச் சூறையாடிப் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றது. அந்த யூதக் கைதிகளைப் பணம் கொடுத்து மீட்பதற்காக மூஸா ஊர் ஊராகக் கடிதம் எழுதி நிதி திரட்டினார். அவரது கையொப்பத்துடன் கூடிய அக்கடிதம் இன்றும் இருக்கிறது.

பின்னர் தாவூத் இந்தியாவுக்குப் புறப்பட்டார். செங்கடல் கரையில் அய்தாப் துறைமுகத்திலிருந்து அவர் எழுதிய கடிதமும் பாதுகாக்கப்பட்டுள்ளது. பாலைவனத்தைக் கடந்த கஷ்டத்தையும், அங்கே வாங்கத் தகுந்த சரக்கு கிடைக்காததால் இந்தியா நோக்கிப் போகும் முடிவையும் அதில் தெரிவித்து, வீட்டாரைக் கவலைப்பட வேண்டாமெனக் கேட்டிருந்தார். எமது மூதாதையரான அரபு வணிகர்கள் ஸரன்தீபுக்கு வந்து போன அதே இந்து சமுத்திரம் அது. முஸ்லிம், யூத, இந்து வணிகர்கள் ஒரே கப்பலில் சரக்கேற்றிய காலம்.

தாவூத் திரும்பவில்லை. அவருடன் குடும்பத்தின் பணமும் பிறரின் பணமும் கடலில் மூழ்கின. ஒரு விதவையும் சிறு பெண் குழந்தையும் மூஸாவின் பொறுப்பில் எஞ்சினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அவர் காய்ச்சலிலும் துயரத்திலும் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பல ஆண்டுகளின் பின்னரும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு கலங்கியதாக நண்பருக்கு எழுதினார்.

மார்க்கக் கல்வியைக் கொண்டு சம்பாதிப்பதை அவர் வெறுத்தார். ஆகவே பிழைப்புக்காக வைத்தியத் தொழிலில் இறங்கினார்.

ஐயூபிகளின் வைத்தியர்

1171இல் ஸலாஹுத்தீன் பாத்திமிய்யர் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார். அக்காலப் பகுதியிலேயே மூஸா எகிப்திய யூதர்களின் தலைவரானார். ஸலாஹுத்தீனின் பிரதம செயலாளரும் வலக்கரமுமான அல்-காழி அல்-பாழில் அவரது திறமையை அறிந்து ஆதரவளித்தார். அரச கொடுப்பனவும் ஏற்பாடு செய்தார். மூஸா விஷக்கடிகளுக்கும் நஞ்சுகளுக்குமான சிகிச்சை பற்றிய நூலை அல்-பாழிலுக்காகவே எழுதினார். ஸலாஹுத்தீனின் மகன் அல்-அப்ழலுக்காக உடல்நலம் பேணும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். ஆஸ்துமா பற்றிய அவரது நூலும் பிரசித்தமானது. வைத்திய நூல்கள் அனைத்தும் அரபிலேயே எழுதப்பட்டவை.

1199இல் தன்னைப் பார்க்க வர விரும்பிய ஓர் அறிஞருக்கு அவர் தனது அன்றாடத்தை விவரித்து எழுதினார். வீடு புஸ்தாத்தில்; அரண்மனை கெய்ரோவில். தினமும் அதிகாலையில் போக வேண்டும். அரச குடும்பத்தில் யாருக்காவது சுகமில்லையென்றால் பகல் முழுவதும் அங்கேயே. பசியோடு வீடு திரும்பினால் முற்றம் நிறைய நோயாளிகள்: யூதர்கள், முஸ்லிம்கள், பிரபுக்கள், ஏழைகள், நீதிபதிகள், நண்பர்கள், பகைவர்கள். வாகன மிருகத்திலிருந்து இறங்கி, கை கழுவி, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு கவளம் உண்டுவிட்டு வைத்தியம் பார்க்கத் தொடங்குவார். இரவாகி, களைப்பில் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்லிக்கொண்டிருப்பார். பகைவர்களும் நம்பி வந்து காத்திருந்த முற்றம் அது.

1187இல் ஸலாஹுத்தீன் ஜெரூசலத்தை மீட்டார். சிலுவைப் படையினர் 1099இல் செய்ததை அவர் திருப்பிச் செய்யவில்லை என்பது உலகறிந்தது. எம்மவரில் பலர் அறியாதது, அதன் பின் யூதர்கள் மீண்டும் அங்கே குடியேற வழி திறந்தது என்பதுதான். பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களுக்குத் திரும்பியபோது யூதர்களுக்கும் அதன் கதவு திறந்தது.

ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு

மூஸாவின் வாழ்வின் பிற்பகுதியில் நடந்ததாக இப்னுல் கிப்தி என்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்வே இக்கட்டுரையின் மையம். இப்னுல் கிப்தி மூஸாவின் மாணவரான யூஸுபின் நெருங்கிய நண்பர். இருவரில் முதலில் மரணிப்பவர் மற்றவரின் கனவில் வந்து மறுமைச் செய்தி சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் அளவுக்கு அந்த முஸ்லிமும் யூதரும் நெருக்கமாக இருந்தார்கள்.

அவர் எழுதுவது இதுதான். அந்தலூஸைச் சேர்ந்த அபுல் அரப் என்ற பிக்ஹு அறிஞர் எகிப்துக்கு வந்தார். மூஸாவைக் கண்டதும், இவர் அந்தலூஸில் இஸ்லாத்தை ஏற்றிருந்தவர், இப்போது யூதர்களின் தலைவராக இருக்கிறார், ஆகவே இவர் முர்தத் என்று குற்றஞ்சாட்டினார். அன்றைய சட்டப்படி அக்குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரணமே தண்டனை. மூஸா உண்மையில் வெளித்தோற்றத்தில் இஸ்லாத்தை ஏற்றிருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இரு பிரிவாக நிற்கிறார்கள். ஆனால் முறைப்பாட்டின் கனம் எவ்வளவு என்பதில் ஐயமில்லை.

விடயம் அல்-காழி அல்-பாழிலிடம் வந்தது. நிர்ப்பந்திக்கப்பட்டவரின் இஸ்லாம் சட்டப்படி செல்லுபடியாகாது என்று அவர் தீர்ப்பளித்தார். செல்லாத இஸ்லாத்திலிருந்து மதம் மாற முடியாது. வழக்கு முடிந்தது.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அல்-பாழில் தன் நண்பருக்குச் சலுகை காட்டினார் என்று இதை விளங்கிக்கொண்டால் அதன் பெறுமதி குறைந்துவிடும். மார்க்கத்தில் எவரையும் வற்புறுத்த இடமில்லை என்ற அல்பகறாவின் 256ஆம் வசனத்தின் கொள்கைக்கு அவர் சட்ட வடிவம் கொடுத்தார். முவஹ்ஹிதூன்களும் இஸ்லாத்தின் பெயரால்தான் ஆண்டார்கள். அல்-பாழிலும் இஸ்லாத்தின் பெயரால்தான் தீர்ப்பளித்தார். முன்னவர்கள் அந்தச் சிறுவனின் நாட்டைப் பறித்தார்கள். பின்னவர் அந்த முதியவரின் உயிரைக் காத்தார். இஸ்லாத்தை யாரைக் கொண்டு அளப்பீர்கள் என்று எம்மிடம் உலகம் கேட்டால், நாம் இரண்டாமவரைக் காட்டுவோம். முதலாமவர்களை வைத்து எம்மை அளக்க வேண்டாம் என்று கேட்போம். அது நியாயமான கோரிக்கை.

இன்னொரு செய்தி. அல்-பாழில் பிறந்த ஊர் பலஸ்தீனின் அஸ்கலான். அந்த அஸ்கலானை ஒட்டிய மஜ்தல் என்ற ஊரின் பலஸ்தீன மக்களில் பெரும்பாலோர் 1948 போரில் வெளியேறினர். எஞ்சியிருந்தோர் 1950இல் காஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் மீதுதான் இன்று குண்டுகள் விழுகின்றன. ஒரு யூத மேதையின் உயிரைக் காத்த நீதிமானின் சொந்த மண்ணின் மக்கள் அவர்கள்.

கோபத்திலும் பொய் சொல்லாதவர்

மூஸாவை முஸ்லிம்களின் அபிமானியாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. 1172இல் யெமனில் ஓர் ஆட்சியாளர் யூதர்களை மதம் மாறக் கட்டாயப்படுத்தினார். அச்சத்தில் இருந்த அம்மக்களுக்கு மூஸா நீண்ட கடிதம் எழுதினார். இஸ்மவேலின் சந்ததியினரைப் போல் தம்மை வேறெவரும் துன்புறுத்தவில்லை என்று அதில் மனம் நொந்து குறிப்பிட்டார். எமது நபி (ஸல்) அவர்களைப் பற்றி எமது உள்ளத்தைப் புண்படுத்தும் சொற்களும் அக்கடிதத்தில் உண்டு. சிறு வயதில் துரத்தப்பட்ட ஒருவரின் காயம் அதில் பேசுகிறது. 1174இல் ஸலாஹுத்தீனின் சகோதரர் தூரான்ஷா யெமனைக் கைப்பற்றியபோது அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது.

அதே மூஸாவிடம் பின்னர் ஒரு கேள்வி வந்தது. யூத மதத்தில் புதிதாக இணைந்த ஒபதியா என்பவர், முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்று கூறியதற்காகத் தன் ஆசிரியரால் முட்டாள் என அவமதிக்கப்பட்டார். அவர் மூஸாவிடம் தீர்ப்புக் கேட்டார். மூஸா தயங்கவில்லை. முஸ்லிம்கள் எவ்வகையிலும் சிலை வணங்கிகள் அல்லர். இறைவனின் ஏகத்துவத்தில் அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் எம்மைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் அவர்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டோம் என்ற கருத்தில் பதில் எழுதினார். அவமதித்த ஆசிரியரையும் கண்டித்து, மாணவரிடம் மன்னிப்புக் கேட்கும்படி சொன்னார்.

முஸ்லிம்களால் நாடிழந்த ஒருவர், முஸ்லிம்கள் மீது கோபம் நிறைந்த ஒருவர், முஸ்லிம்களின் தௌஹீதைப் பற்றிச் சாட்சி சொல்லும் நேரத்தில் கோபத்தை ஒதுக்கி வைத்தார். ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு எம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்று ஸூரத்துல் மாஇதா எமக்கு இட்ட கட்டளையை, அந்த இடத்தில் அவர் நிறைவேற்றியிருக்கிறார்.

அறிவுக்கு வேலி போடாத காலம்

மூஸா யூதச் சட்டம் முழுவதையும் பதினான்கு பாகங்களில் தொகுத்த மிஷ்னே தோரா, யூத உலகில் இன்றும் பாடநூல். மற்றொரு பெரும் நூல் தலாலத்துல் ஹாயிரீன். மார்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் இடையில் குழம்பி நிற்பவர்களுக்கு வழிகாட்டும் நூல் என்பது பொருள். 1190ஆம் ஆண்டளவில் அரபு மொழியில் எழுதி முடித்தார். தன் நூலை ஹீப்ருவுக்கு மொழிபெயர்த்தவரிடம், தத்துவம் படிக்க அல்-பாராபியின் நூல்களையும் இப்னு ருஷ்தின் விரிவுரைகளையும் சிபாரிசு செய்தார்.

முஸ்லிம்களும் அவரைப் படித்தார்கள். இறை உள்ளமையை நிறுவ அவர் முன்வைத்த 25 அடிப்படைகளுக்கு அத்தப்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞர் அரபில் விரிவுரை எழுதினார். பக்தாதிலிருந்து வந்த அப்துல் லத்தீப் என்ற அறிஞர் கெய்ரோவில் அவரைச் சந்தித்தார். அறிவில் சிறந்தவர், ஆனால் தலைமைத்துவ ஆசையும் அதிகாரத்தில் இருப்போருக்குச் சேவை செய்யும் ஆர்வமும் மிகுந்தவர் என்று எழுதிவைத்தார், நூலையும் விமர்சித்தார். பாராட்டியவரும் உண்டு, குறை கண்டவரும் உண்டு. ஆனால் மார்க்கத்தைக் காரணம் காட்டிப் படிக்காமல் ஒதுக்கவில்லை.

1204 டிசம்பர் 13ஆம் திகதி புஸ்தாத்தில் மூஸா காலமானார். பலஸ்தீனின் தபரிய்யாவில் அடக்கம் செய்யப்பட்டதாக யூத மரபு கூறுகிறது. அவரது மகன் இப்ராஹீமும் வைத்தியர். தந்தைக்குப் பின் யூதர்களின் தலைவர். கெய்ரோ வைத்தியசாலையில் அவருடன் ஒன்றாகப் பணியாற்றிய இப்னு அபீ உஸைபிஆ என்ற முஸ்லிம் வைத்தியர், தனது புகழ்பெற்ற வைத்தியர் வரலாற்று நூலில் தந்தைக்கும் மகனுக்கும் இடம் கொடுத்தார். இப்ராஹீம் முஸ்லிம் ஸூபிகளின் பக்தியைக் கண்டு வியந்தவர். யூத வணக்கத்தில் வரிசையாக நிற்பதையும் ஸுஜூதையும் மீண்டும் கொண்டுவர முயன்றார். பள்ளிவாசலைப் பார்த்து யூதத் தலைவர் ஒருவர் தன் சமூகத்தின் வணக்கத்தைச் சீர்திருத்த நினைத்த காலமும் இருந்திருக்கிறது.

எங்கே முறிந்தது?

அந்தலூஸ் வீழ்ந்தபோது வெளியேற்றப்பட்டவர்கள் முதலில் யூதர்கள், 1492இல். பின்னர் 1609 முதல் முஸ்லிம் வழிவந்த மக்கள். யூத அகதிகளைத் தன் நாட்டில் ஏற்றுக்கொண்டவர் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத். யூதர்களை அடைத்துவைத்து வதைத்ததும், கடைசியில் நாஸிகளின் கையால் ஏறக்குறைய 60 இலட்சம் பேரைக் கொன்றதும் ஐரோப்பா. 1897இல் ஸியோனிச இயக்கத்தின் முதல் மாநாடு கூடியதும் ஐரோப்பாவின் பாஸல் நகரில்தான். 1917இல் பலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் அமைய ஆதரவளிப்பதாகப் பிரித்தானியா எழுதிக் கொடுத்தது. 1948இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் தம் வீடுகளை இழந்தார்கள்.

அதன் விளைவுகளில் ஒன்றை மூஸாவின் ஊரிலேயே காணலாம். 1948இல் எகிப்தில் 70,000 இற்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எஞ்சியுள்ளனர். இஸ்ரேல் உருவானதும், அதன் எதிர்வினையாகத் தம் சொந்த நாட்டு யூதர்களையே சந்தேகித்த அரபு அரசுகளின் நடவடிக்கைகளும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சமூகத்தை இல்லாமலாக்கின. மூஸாவின் பெயரிலுள்ள கெய்ரோ ஜெபாலயத்தை எகிப்திய அரசு புனரமைத்து 2010இல் திறந்தது. கட்டடம் அழகாக நிற்கிறது. தொழுவதற்கு ஆள் இல்லை.

ஆக, இந்தப் பகைக்குத் திகதிகள் உண்டு, காரணங்கள் உண்டு, பொறுப்பாளிகள் உண்டு. ஆதிமுதல் அந்தம் வரை நீளும் விதியாக அதைச் சொல்லும்போது, நாம் அறியாமலேயே குற்றவாளிகளைத் தப்பவிடுகிறோம். விதி என்றால் எவரும் பொறுப்பில்லை அல்லவா? காஸாவில் பல்லாயிரம் பேரைக் கொன்றது ஓர் அரசு, ஓர் இராணுவம், அவற்றுக்கு ஆயுதம் கொடுத்த வல்லரசுகள். கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். 2023 ஒக்டோபரில் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிரப்பி யுத்தத்தை நிறுத்தக் கோரிக் கைதானவர்களில் பெருந்தொகையினர் யூதர்கள். அவர்களையும் குண்டு போட்டவர்களையும் ஒரே தட்டில் வைப்பது எந்த நீதி? வேதக்காரர்கள் எல்லோரும் ஒன்றல்லர் என்ற பாடம் ஆலஇம்ரான் ஸூராவிலேயே இருக்கிறதே.

இந்த நாட்டில் சிறுபான்மையாக வாழும் எமக்கு இது புரியாத பாடமல்ல. 2019 ஏப்ரல் 21இன் பின்னர் ஒரு சிலர் செய்த பாதகத்துக்காக எமது சமூகம் முழுவதும் சந்தேகக் கூண்டில் நிறுத்தப்பட்டது. தெருவில் உடையைப் பார்த்து முகம் திருப்பினார்கள். கடைகளை எரித்தார்கள். கொவிட் காலத்தில் எமது ஜனாஸாக்களை எமது மார்க்கத்துக்கு மாறாக எரித்தார்கள். நிர்ப்பந்தம் என்றால் என்னவென்று அப்போது எமக்கு விளங்கியது. ஒரு சிலரை வைத்து ஒரு சமூகத்தை அளக்காதீர்கள் என்று அன்று நாம் மன்றாடினோம். அந்த அளவுகோல் எமக்கு மட்டும் உரியதாக இருந்தால் அது நீதியல்ல, வெறும் தற்காப்பு.

பலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுப்போம், துஆ கேட்போம், முடிந்ததைச் செய்வோம். அத்தோடு பிள்ளைகளுக்கு ஸலாஹுத்தீனின் வாளைப் பற்றிச் சொல்லும்போது, அவரது செயலாளர் அளித்த அந்தத் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வோம். ஜெரூசலத்தை மீட்ட சமூகத்திடம் அப்போது இரண்டும் இருந்தன.